கனவும் கைத்தொழிலும்

நுழையும்முன்

திரைப்படமும் ஊடகமும் இளையோர் பலரைத் தம்பால் ஈர்க்கின்றன. அத்துறைகளுக்குச் செல்ல விழைவோர் மிகப்பலர். அதற்கென ஆயத்தமாவோர் சிலரே. ஆயத்தம் என்பது யாது என்பதைச் சேலத்து மண்ணில் ஒருகாலத்தில் எழுந்து நின்ற படப்பிடிப்பு நிலையம் ஒன்றை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் மாலை, பள்ளி முடிந்து மிதிவண்டிக் கொட்டகை வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரின் தந்தை என்னைத் தேடி வந்தார். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசல் ஓட்டி மீன்பிடித்துப் பிழைப்பவர். அமரச் சொன்னேன், அமரவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஏனுங்கய்யா, பேச்சுப் போட்டியில நீங்கதான் கைதட்டி ஏத்திவிட்டீங்க. இப்ப சினிமாவுக்குப் போறேன்னு நிக்கிறான். அது சோறு போடுமுங்களா?” என்று கேட்டார்.

அவர் குரலில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. அன்று அவருக்கு என்னால் தெளிவான விடை கூற இயலவில்லை. நன்றாகப் பேசும் மாணவரையும் நன்றாக எழுதும் மாணவரையும் மேடையேற்றிப் பாராட்டுவது தமிழாசிரியர் வழக்கம். அந்தத் திறமை நாளை எவ்வழியில் பிழைப்பாக மாறும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் வானத்தைப் பார்ப்போம். நானும் அவ்வாறே நின்றேன். அந்த மாணவர் தேர்வு முடிவு வந்த மறுவாரமே சென்னைக்குப் புறப்பட்டுச் சென்றார். அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அத்தந்தையின் கேள்விக்கு விடை தேடியதில் நான் வந்தடைந்த முடிவு இதுதான்: ‘சினிமாவுக்குப் போகிறேன்’ என்று சொல்பவர் எங்கும் போகாமலே நின்றுவிடக்கூடும், ‘படத்தொகுப்புக் கற்கப் போகிறேன்’, ‘ஒலிப்பதிவு கற்கப் போகிறேன்’ என்று சொல்பவருக்கு ஒரு வழி தென்படும். திரைப்படம் என்பது ஒரே தொழிலன்று. பல கைத்தொழில்கள் கூடும் ஒரு பட்டறை. இந்த உண்மையைக் கண்டறிய நான் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. மேட்டூரிலிருந்து பேருந்தில் ஏறிச் சேலத்தில் இறங்கி, ஏற்காட்டுச் சாலையில் சிறிது தூரம் சென்றாலே போதும்.

சேலத்தில் ஓர் ஆலை

ஏற்காட்டு மலையடிவாரச் சாலையோரத்தில் ஒரு நுழைவாயில் வளைவு தனித்து நிற்கிறது. அதன் பின்னே இன்று குடியிருப்புகள். சுற்றுலா செல்வோர் பலர் அதனைக் கவனியாமலே கடந்துவிடுகின்றனர். மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெரும் படப்பிடிப்பு நிலையத்தின் எஞ்சிய அடையாளம் அது ஒன்றே.

அந்நிலையத்தை நிறுவியவர் டி. ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பியவர். 1930களின் நடுவில் அவர் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படமான ‘சதி அகல்யா’ 1937இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ அவரது தயாரிப்பில் வந்தது. மலையாள மொழி திரையில் முதன்முதலாகப் பேசியதற்குச் சேலத்து நிறுவனம் ஒன்று காரணமாயிற்று என்பது இன்றும் கேட்போரை வியக்கவைக்கும் செய்தி. பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்ற ‘உத்தமபுத்திரன்’ 1940இல் வெளியாயிற்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்னும் ஆங்கிலப் படத்தையும் 1952இல் எடுத்தனர். பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இந்நிறுவனத்தின் பெயரில் வெளிவந்துள்ளன.

இவ்வளவையும் சாதித்தது எப்படி? என் கருத்தில், சுந்தரம் படப்பிடிப்பு நிலையத்தை ஓர் ஆலைபோல நடத்தியதே காரணம். நெசவு கற்றவருக்கு ஒன்று நன்கு தெரிந்திருக்கும்: ஒரு சேலை ஒருவர் கையில் உருவாவதில்லை. நூல் நூற்பவர், பாவு ஓட்டுபவர், சாயம் தோய்ப்பவர், தறியில் அமர்பவர் என ஒவ்வொருவரும் தத்தம் வேலையைக் குறித்த காலத்தில் முடித்தால்தான் சேலை சந்தைக்குப் போகும். மாடர்ன் தியேட்டர்ஸிலும் படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருள் கழுவும் ஆய்வகம் ஆகியன ஒரே வளாகத்துக்குள் இருந்தன. கலைஞர்கள், தொழில்நுட்பர்கள் பலர் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். நேரந்தவறாமையிலும் ஒழுங்கிலும் சுந்தரம் மிகுந்த கண்டிப்புடையவர் என்பது அங்குப் பணியாற்றியோர் பலரும் பதிவுசெய்த செய்தி. அவரை ஊழியர்கள் ‘முதலாளி’ என்றே அழைத்தனர். கலைக்கூடத்தின் தலைவருக்கு ஆலைத் தலைவரின் பெயர்!

சம்பளப் பட்டியலும் வேலைநேரமும் கலையைக் கொன்றுவிடும் என்று சிலர் வாதிடக்கூடும். அந்த வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் இந்தச் சூழலில்தான் மு. கருணாநிதி திரைக்கதையும் உரையாடலும் எழுதினார். கண்ணதாசன் இந்நிறுவனம் சார்ந்த ‘சண்டமாருதம்’ இதழில் பணியாற்றினார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற உறுதி, எழுதுபவருக்கு எத்துணைப் பெரிய விடுதலை என்பதை வாடகை கொடுத்துக் குடியிருந்தோர் அறிவர்.

சுந்தரம் 1963இல் மறைந்தார். பின்னர் நிறுவனம் சிறிது காலம் தொடர்ந்து நடந்து, முடிவில் மூடப்பட்டது. கோயம்புத்தூரிலும் சென்ட்ரல், பட்சிராஜா ஆகிய படப்பிடிப்பு நிலையங்கள் இருந்தன. அவற்றின் காலமும் முடிந்தது. திரைத்தொழில் முற்றிலும் சென்னையில் குவிந்தது. வீட்டிலிருந்து சோற்றுப் போசியுடன் படப்பிடிப்பு நிலையத்துக்கு வேலைக்குச் செல்லும் வாய்ப்புச் சேலத்து இளைஞருக்கு இருந்தது ஒரு காலம். இன்று அதே இளைஞர் அறிமுகமற்ற நகரில் அறை எடுத்துத் தங்கி, வாய்ப்புத் தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பரிசல்காரரின் அச்சத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

தெரியுமா?
சாமிக்கண்ணு வின்சென்ட் இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றியவர். 1905இல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான திரையரங்கைக் கட்டினார்.

கதைகளில் விடுபட்ட ஆண்டுகள்

திரையுலகைப் பற்றி நம்மிடையே உலவும் கதைகளில் ஒரு குறை உண்டு. அவை நடுப்பகுதியை விட்டுவிட்டுச் சொல்லப்படுகின்றன. பெங்களூருவில் பேருந்து நடத்துநராக இருந்த ஒருவர் பெரும் நடிகரானார் என்ற கதையை அறியாதவர் தமிழகத்தில் இல்லை. அந்த நடத்துநர் சென்னைக்கு வந்து, தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை நடத்திய நடிப்புப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து முறையாகப் பயின்றார் என்பதை எத்தனை பேர் சேர்த்துச் சொல்கின்றனர்? இயக்குநர் கே. பாலசந்தர் அவரைத் தமிழ் கற்றுக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார், அவரும் கற்றார். 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் ரஜினிகாந்த் வாயிற்கதவைத் திறந்துகொண்டு நுழைவதற்கு முன்னால், இத்தனை கதவுகள் இருந்தன.

இளையராஜாவின் கதையும் அவ்வாறே. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது, ஒரே நாளில் புகழ் வந்தது என்பர். பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர், அதற்கு முன் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் பயின்றதும், பிறர் இசையமைத்த பாடல்களுக்குக் கிதார் வாசித்ததும், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றியதும் ஆண்டுக்கணக்கில் நீண்டவை. அந்த ஆண்டுகளில் செய்தித்தாளில் அவர் பெயர் வரவில்லை. ஆயத்தம் என்பது பெயர் வராத அந்த ஆண்டுகளே.

இன்னும் முன்னே செல்வோம். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசகவதம்’ எடுத்த நடராஜ முதலியார் மோட்டார் உதிரிப்பாக வணிகர். படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை பிறந்ததும் அவர் முதலில் செய்தது என்ன? பூனாவுக்குச் சென்று, அங்குப் பணியிலிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஒளிப்பதிவாளரிடம் கேமராவை இயக்கக் கற்றுக்கொண்டார். பள்ளியோ பாடநூலோ இல்லாத காலத்திலும் கற்பித்தவர் ஒருவர் இருந்தார். தேடிச் சென்ற மாணவர் ஒருவர் இருந்தார்.

எதைக் கற்பது?

இன்று தேடிச் செல்ல முறையான இடங்கள் உள்ளன. சென்னைத் தரமணியில் இயங்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் 1945ஆம் ஆண்டு தொடங்கிய மரபுடையது. மேல்நிலைக் கல்வி முடித்தோர் அங்கு இயக்கமும் திரைக்கதையும், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, அசைவூட்டம் முதலிய பிரிவுகளில் நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்ற பிரிவுகள் மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் படித்திருப்பதைத் தகுதியாகக் கேட்டு வந்துள்ளன. அறிவியல் பிரிவில் படித்துக்கொண்டே, ‘கலைக்கு இது எதற்கு?’ என்று சலித்துக்கொள்ளும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒளிவிலகல் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவருக்கு, லென்ஸ் வெறும் கண்ணாடியாகவே இருக்கும். அரசு நிறுவனத்தின் கட்டணம் தனியார் கல்வி நிலையங்களின் கட்டணத்தைக் காட்டிலும் மிகக் குறைவு. இடங்கள் சிலவே, நுழைவுக்குப் போட்டி மிகுதி. பட்டம் பெற்ற பிறகு செல்லப் புணேயில் 1960இல் தோன்றிய இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமும், கொல்கத்தாவில் சத்யஜித் ரே பெயரில் அமைந்த நிறுவனமும் உள்ளன. இலங்கையிலிருந்து வந்து புணேயில் ஒளிப்பதிவு பயின்றவர் பாலு மகேந்திரா என்பதையும் நினைவிற்கொள்க.

நிறுவனத்தில் இடம் கிடைக்காதோர் என் செய்வது? ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்கும் பழைய குருகுல வழி இன்றும் அடைபடவில்லை. ஆனால் உதவியாளரின் வேலை என்னவென்று அறிந்து செல்ல வேண்டும். ஒரு திரைப்படத்தின் காட்சிகள் கதையில் வரும் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. நாயகன் வீட்டுக்குள் நுழையும் காட்சியை இன்றும், அவன் வாசலில் நிற்கும் காட்சியை இருபது நாள் கழித்து வேறோர் ஊரிலும் எடுப்பர். அவன் சட்டையின் எத்தனை பொத்தான்கள் போடப்பட்டிருந்தன, கையிலிருந்த தேநீர்க் குவளையில் எவ்வளவு தேநீர் இருந்தது, கைக்கடிகாரம் எந்தக் கையில் இருந்தது என்பனவற்றை யாரோ ஒருவர் குறித்து வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் உதவி இயக்குநர். பார்ப்பவர் எவரும் அவர் வேலையைக் கவனிக்க மாட்டார். அவர் தவறினால் மட்டும் அனைவரும் கவனிப்பர். நாள்தோறும் தம் பாடக்குறிப்பேட்டை ஒழுங்காக எழுதும் மாணவரிடம் இவ்வேலைக்கான முதல் தகுதி இருக்கிறது என்பேன். ஆசிரியர் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டா. படப்பிடிப்புத் தளத்தில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் எனக்குச் சொன்னதும் இதுவே.

ஒலியைப் பற்றி நம் மாணவர்கள் நினைப்பதே இல்லை. கேமராவைக் கேட்பவர் நூறு பேர் என்றால், ஒலிவாங்கியைக் கேட்பவர் ஒருவர்கூட இல்லை. தமிழ்ப் படங்களில் உரையாடலைப் படப்பிடிப்புக்குப் பிறகு கூடத்தில் பதிவுசெய்வது நெடுங்கால வழக்கம். அப்போது, நடந்துசெல்லும் காலடியோசை முதல் பாத்திரம் உருளும் ஓசை வரை அனைத்தையும் புதிதாக உண்டாக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதையே தொழிலாகக் கொண்டு வாழ்வோர் உளர். இவர்களைப்போலவே வசன வரிகளை மொழிபெயர்த்துத் திரையின் அடியில் இடுவோர், வண்ணச் சீரமைப்புச் செய்வோர், குரல் கொடுப்போர், அரங்கம் அமைக்கும் தச்சர், மின்விளக்குப் பணியாளர் எனத் திரைக்குப் பின்னால் இருப்போரின் எண்ணிக்கை, திரையில் தோன்றுவோரின் எண்ணிக்கையைவிட மிகப் பெரிது. படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலை ஒருமுறையேனும் எழுந்து போகாமல் இருந்து படித்துப் பாருங்கள்.

மொழியறிவை இறுதியாகச் சொல்கிறேன் என்பதால் அது சிறிதென்று கொள்ளற்க. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரிகுமாரி’யின் கதைக்கரு குண்டலகேசியிலிருந்து எடுக்கப்பட்டது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்தவை 19 பாடல்களே. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனை, வலம்வந்து வணங்குவதாகக் கூறித் தள்ளிவிடும் பெண்ணின் கதை அதில் உள்ளது. மறைந்துபோன காப்பியத்தின் ஒரு நிகழ்ச்சியை எடுத்து, அரசியலும் காதலும் கலந்த திரைக்கதையாக்கினார் மு. கருணாநிதி. அதனைச் சுந்தரத்துடன் சேர்ந்து இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர், ஆனால் திரைக்கலையை முறையாகப் பயின்றவர். மொழி அறிந்தவர் எழுதினார். ஒளியும் கோணமும் அறிந்தவர் இயக்கினார். இருவருக்கும் தத்தம் தொழில் தெரிந்திருந்தது. காப்பிய வகுப்பில் கொட்டாவி விடும் மாணவருக்கு இதை நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. உங்கள் கையிலிருக்கும் பாடநூல், கட்டணமின்றிக் கிடைத்த கதைக் களஞ்சியம்.

ஊடகத் துறைக்கும் இது பொருந்தும். மேட்டூரில் வாழும் மாணவர் ஒருவகையில் செய்தியின் ஊற்றுக்கண்ணில் வாழ்கிறார். அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர்வெளியேற்றம் ஆகிய மூன்று எண்களும் நாள்தோறும் செய்தியாகின்றன. தஞ்சையிலும் நாகையிலும் உழவர் அவ்வெண்களுக்காகக் காத்திருக்கின்றனர். ஜூன் 12 அன்று மதகு திறக்குமா என்பது அவர்களுக்கு வாழ்வா தாழ்வா என்னும் கேள்வி. என் மாணவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுப்பேன். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; இன்றைய நீர்மட்டத்தை வைத்து, டெல்டாப் பகுதியின் சிறு உழவர் ஒருவருக்குப் புரியும்படி ஐந்தே வரிகளில் செய்தி எழுதுக என்பேன். முதல்முறை அனைவரும் பிழை செய்வர். அடிக்கும் கனஅடிக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதுவர். அடைமொழிகளை அள்ளித் தெளிப்பர். நீர்மட்டம் எத்தனை மணிக்கு அளக்கப்பட்டது என்பதை விட்டுவிடுவர். எளிய தமிழில் பிழையின்றி ஐந்து வரி எழுதுவது ஐந்து பக்கம் எழுதுவதைவிடக் கடினம் என்பதை அன்று உணர்வர். ‘தினத்தந்தி’யை 1942இல் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், செய்தியாளர்களுக்கென ‘இதழாளர் கையேடு’ எழுதியதன் தேவையும் இதுவே.

வாயிலில் நிற்போர்

இனி, அந்த மாணவரின் கதை. சென்னைக்குச் சென்றவர் ஒரு விளம்பரத்தைக் கண்டு, நடிக்க வாய்ப்பு வாங்கித் தருவதாகக் கூறிய ஓர் அலுவலகத்துக்குச் சென்றார். நிழற்படத் தொகுப்புக்கென்றும் உறுப்பினர் அட்டைக்கென்றும் நாற்பதாயிரம் ரூபாய் கேட்டனர். தாயார் காதணியை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். மூன்று மாதங்களில் அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. எட்டாம் மாதம் அவர் ஊர் திரும்பினார். தந்தையின் முகத்தை நோக்க நாணி, பேருந்து நிலையத்தில் ஓர் இரவு முழுதும் உட்கார்ந்திருந்ததாகப் பின்னர் என்னிடம் கூறினார்.

வேலை தருபவர் சம்பளம் கொடுப்பார். பணம் கேட்க மாட்டார். இந்த எளிய உண்மையைப் பள்ளியில் நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். திரைத்துறையில் ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் உண்டு. அவற்றுள் பல, ஃபெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்துள்ளன. ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்பதைச் சங்கத்தில் கேட்டுத் தெளியலாம். கதை எழுதுவோர் அதை வெளியில் சொல்லுமுன் எழுத்தாளர் சங்கத்தில் பதிவுசெய்துகொள்ளும் வழக்கம் இருக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்புப் பயன்படுத்தப்படும்போதெல்லாம் உரிமத் தொகை பெறும் உரிமையை 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் வலுப்படுத்தியது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையொப்பமிடுபவர் இந்த உரிமைகளை அறியாமலே இழப்பார். செய்யுளுக்குப் பொருள் எழுதத் தெரிந்த மாணவர் ஓர் ஒப்பந்தத்துக்குப் பொருள் காண அஞ்சுவானேன்?

மாணவியர்க்கு ஒரு சொல். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ நாயகி டி. பி. ராஜலட்சுமி 1936இலேயே ‘மிஸ் கமலா’ படத்தை இயக்கினார். பி. ஆர். விஜயலட்சுமி 1985இல் ‘சின்ன வீடு’ படத்தின் ஒளிப்பதிவாளரானார். வழி புதிதன்று; எனினும் இன்றும் அது எளிதன்று. இத்துறையில் பெண்கள் எதிர்கொள்ளும் துன்பங்கள் குறித்து வெளிப்படையாகப் பேசப்பட்டு வருகிறது. கேரளத்தில் ஹேமா குழுவின் அறிக்கை 2024இல் வெளியானபோது நாடே அதைப் படித்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் இடங்களில் உள்ளகக் குழு அமைப்பதைக் கட்டாயமாக்கியுள்ளது. படப்பிடிப்புத் தளமும் பணியிடமே. துறையைத் தேர்ந்தெடுக்கும் மகளைத் தடுப்பதைவிட, இச்சட்டத்தை அவளுக்குக் கற்பித்து அனுப்புவதே பெற்றோர்க்கு அழகு என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத பெற்றோர் பலரை நான் அறிவேன். அவர்கள் கவலையில் நியாயமில்லை என்று நான் கூற மாட்டேன்.

தொழில் மாறும் என்பதையும் அறிந்தே இறங்க வேண்டும். படச்சுருளைக் கழுவும் ஆய்வகங்களில் நுட்பத்திறன் பெற்றிருந்தோர், எண்மக் கேமராக்கள் வந்தபோது வேலையிழந்தனர். ஃபியூஜி நிறுவனம் 2013இல் திரைப்படச் சுருள் தயாரிப்பையே நிறுத்தியது. இன்று செயற்கை நுண்ணறிவு எழுதுகிறது, குரல் தருகிறது, படம் வரைகிறது. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. இந்த மாற்றத்தில் எந்த வேலை நிற்கும், எந்த வேலை போகும் என்று உறுதியாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஒரு கருவியை மட்டும் கற்றவர் அக்கருவியோடு போய்விடுவார் என்பது மட்டும் படச்சுருளின் வரலாற்றில் தெரிகிறது. எனவே மாற்று வழியாக ஒரு பட்டப்படிப்பைக் கைவிடாமல் வைத்திருப்பது கோழைத்தனமன்று. சுந்தரத்துக்கு நெசவு தெரிந்திருந்தது. வின்சென்டுக்கு வரைபடம் தெரிந்திருந்தது.

ஊர் திரும்பிய மாணவர் சேலத்தில் திருமண நிகழ்வுகளைப் படம்பிடிக்கும் நிழற்பட நிலையம் ஒன்றில் சேர்ந்தார். முதல் ஆண்டு விளக்குத் தூக்கினார். பிறகு கணினியில் படத்தொகுப்புக் கற்றார். ஆறு மணிநேரத் திருமணப் பதிவை அரைமணிக்குள் சுருக்கும்போது, எந்தப் பாட்டியின் முகத்தை விட்டுவிடக் கூடாது என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னார். அதுதான் படத்தொகுப்பின் பாடம். அதைக் கற்க அவருக்குக் காதணி தேவைப்படவில்லை. இன்று சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் படத்தொகுப்பாளராக இருக்கிறார். இயக்குநராக வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. இனி நிறைவேறுமா என்பதும் ஐயமே. இரவு வேலை மிகுதி, கண்ணாடி அணிந்துவிட்டார். மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார். அவர் தந்தையைச் சந்தையில் கண்டபோது, “சோறு போடுதுங்கய்யா. ஆனா எப்பத் தூங்கறான்னுதான் தெரியல” என்றார்.

கோடையில் நீர்மட்டம் வெகுவாகத் தாழும்போது, பண்ணவாடிப் பகுதியில் நீருக்குள் மூழ்கியிருந்த சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் மெல்ல வெளியே தெரியும். 1934இல் அணை நிரம்பத் தொடங்கியபோது மக்கள் விட்டுச்சென்ற ஊர்களின் எச்சம் அவை. சென்னையிலிருந்து தொலைக்காட்சியினர் வந்து நந்தியைப் படம்பிடித்துக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடுவர். இவ்வாண்டு என் வகுப்பு மாணவர் மூவர் ஒரு கைப்பேசியுடன் அங்குச் சென்றனர். நந்தியை எல்லாரும் எடுத்துவிட்டனர் என்பதால், அவ்வூரிலிருந்து வெளியேறிய குடும்பத்தின் பேரன் ஒருவரிடம் அவர் பாட்டனார் சொன்ன கதைகளைக் கேட்டு, பதினொரு நிமிடம் பதிவுசெய்து வந்தனர். காட்சி நன்றாக இருந்தது. பேசியது எதுவும் கேட்கவில்லை. முழுதும் காற்றின் இரைச்சல். ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை; எனக்கும் தெரியவில்லை. சேலத்து நிழற்பட நிலையம் ஒன்றிலிருந்து உறையுடன் கூடிய சட்டை ஒலிவாங்கி ஒன்றை இரண்டு நாள் இரவலாகப் பெற்றிருக்கிறோம். கர்நாடகத்தில் மழை தொடங்கிவிட்டது என்று செய்தி வருகிறது. அணையில் நீர் ஏறுவதற்குள் வரும் சனிக்கிழமை அவர்கள் மறுபடியும் செல்ல வேண்டும்.